யாரும் தேடாத ஒரு நாள்

"நான் போனா இது நின்னுரும் மேடம்," என்றான் பலவேசம். "அதான் போக முடியல."

"எது நின்னுரும்?" என்றார் ஜெசிந்தா.

"எல்லாந்தான்."

பலவேசத்துக்கு நாற்பத்தேழு வயது. ஜெசிந்தா முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. மூத்தவன் சீடன், இளையவர் குரு. கதைகளில் இப்படி வருவதில்லை என்றால் அது கதைகளின் குறை. சர்வர் அறைகளில் இது சாதாரணம்.

இடம் தூத்துக்குடி. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நிலையம். கடலுக்குப் போகிறவர்களின் போனுக்கு ஒவ்வொரு விடியலிலும் அங்கிருந்து ஒரு செய்தி போகும். இன்றைக்கு அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், போகலாமா கூடாதா.

அதை அனுப்புவது லினக்ஸில் ஓடும் சில சர்வர்கள். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்றுகூட அவற்றில் கிடையாது. அந்த சர்வர்களைக் கட்டியவர் ஜெசிந்தா. கட்டிக்கொண்டு அழுதவன் பலவேசம்.

அவன் மனைவி சண்முகக்கனி சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளும் பிள்ளைகளும் அங்கே, இவன் இங்கே. சனிக்கிழமை பஸ் ஏறினால் மடிக்கணினியும் கூடவே ஏறும். சின்னவளுக்குக் காது குத்திய அன்று, பிள்ளை தாய்மாமன் மடியில் அழுதுகொண்டிருந்தது. அப்பன் பந்திக்கூடத்து மூலையில் உட்கார்ந்து சர்வரை எழுப்பிக்கொண்டிருந்தான்.

"பேசாம அதுக்கே தாலியக் கட்டியிருக்கலாம்லா," என்று கனி சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சிரித்தும் பேசவில்லை, சிரிக்காமலும் பேசவில்லை. பலவேசத்துக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரி, கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள அவனைக் கூப்பிட்டிருந்தது. கல்லூரி திறக்கும் முன்பு சேர வேண்டும். இதை விட்டால் அந்தப் பக்கம் இன்னொரு வேலை கிடைக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஜெசிந்தா சொன்னார்.

"உங்க யூசர ஒரு நாள் முடக்கி வைக்கேன். அன்னைக்கு முழுக்க உங்கள யாரும் தேடலன்னா, நீங்க போலாம்."

"தேடுனா?"

"போக முடியாதுன்னு நீங்கதான சொல்லுதீங்க."

*

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வந்தன. எது நின்றாலும் ஆபத்து குறைவு என்பதால் ஜெசிந்தா அந்தச் சமயமாகப் பார்த்து நாள் குறித்தார்.

அவனுடைய யூசரை முடக்கினார். அந்தப் பெயரில் இனி யாரும் உள்ளே நுழைய முடியாது, எதுவும் ஓடவும் ஓடாது.

விடியற்காலைச் செய்தி போகவில்லை. ஜெசிந்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, தன் கையால் அனுப்பினார். அலைப் படம் நேற்றைய படமாகவே நின்றது. தரவுகளின் நகல் எடுக்கும் வேலை ஆரம்பிக்கவே இல்லை. காலைச் சாப்பாட்டுக்குள் பலவேசத்துக்குப் போன் வந்துவிட்டது.

அவன் வந்தான். 'நான் சொல்லலையா' என்று அவன் வாய் சொல்லவில்லை, முகம் சொன்னது. போக முடியாதே என்ற வருத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனாலும் சந்தோஷந்தான்.

"எல்லாம் உங்க பேர்லயே ஓடுதே அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா.

"நான் எழுதுனதுலா மேடம்."

"எழுதுனவரு பேர்லதான் ஓடணுமோ?"

அப்படியொன்றும் சட்டமில்லை. எழுதிய புதிதில், ஓடுகிறதா பார்ப்போம் என்று தன் பெயரில், தன் கோப்புறையில் வைத்து ஓட்டினான். ஓடியது. ஓடுகிறதில் எவன் கை வைப்பான்? நாலு நாளைக்கு என்று அடுத்த வீட்டில் இறக்கிய சாமான் வருஷக்கணக்கில் அங்கேயே கிடப்பதில்லையா, அப்படிக் கிடந்தது. இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர் யாருமில்லை.

ஜெசிந்தா யூசரைத் திறந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பலவேசம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம் மாற்றினான். வேலைகளை ஓட்டுவதற்கென்றே ஒரு புது யூசரை உண்டாக்கினான். அதற்குக் கடவுச்சொல் கிடையாது. அதன் பெயரில் எந்த மனிதரும் உள்ளே வர முடியாது. வேலையை மட்டும் செய்யும்.

பெயர் வைக்க வேண்டுமே. 'பலவேசம்-பணி' என்று வைத்தான்.

ஜெசிந்தா திரும்பி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இதுவும் நீங்கதானா?"

அவன் அதை அழித்துவிட்டு 'அலை' என்று வைத்தான். அழிக்கும்போது கொஞ்சம் வலித்தது.

*

அடுத்த தடவை ஜெசிந்தா யூசரை முடக்கியபோது எந்த வேலையும் தானாக நிற்கவில்லை.

பலவேசம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தான். கழுகுமலை தாண்டும்போது போன் அடித்தது. ரெஜினாள். நிலையத்தில் அவனுக்கு அடுத்தபடி சர்வர் பார்ப்பவள்.

"அண்ணாச்சி, டிஸ்க் நிறைஞ்சுட்டு. புதுசா எதையும் எழுத மாட்டேங்கு."

"என்ன செஞ்ச?"

"பழைய பதிவுக் கோப்பு ஒண்ணு பெருசா கெடந்துச்சு. அழிச்சிட்டேன். ஆனா இடம் வரல. இன்னும் நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுது."

"அந்தக் கோப்புல எது எழுதிட்டு இருந்துச்சு?"

"செய்தி அனுப்புத புரோகிராம்."

"அது இன்னும் அந்தக் கோப்பப் பிடிச்சிட்டு இருக்கு தாயி. நீ அழிச்சதுல பேருதான் போயிருக்கு. அது பிடிய விட்டாத்தான் இடம் வரும். புரோகிராம நிறுத்தி மறுபடி ஓட்டு."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துட்டு அண்ணாச்சி."

பலவேசம் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தான். ஒரு பெரிய காரியம் நடந்து முடிந்தது அங்கே யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஜெசிந்தா, "தேடிட்டாங்க," என்றார்.

"ரெஜினாதான மேடம். சின்ன சந்தேகம்."

"இவ்வளவு நாளா அவளுக்கு ஏன் தெரியல?"

பதில் அவனிடம் இருந்தது. ரெஜினாள் எப்போது எதைக் கேட்டாலும், "அத நீ தொடாத தாயி, என்னையக் கூப்பிடு," என்பான். கேட்பவர்களுக்கு அது அக்கறையாகத் தெரியும். அவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. இப்போது ஜெசிந்தா கேட்ட பிறகு வேறு மாதிரி தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டால் கூப்பிட மாட்டாளே. உள்ளே அந்தக் கணக்கு ஓடியிருக்கிறது. அவனுக்கு அவமானமாக இருந்தது.

ரெஜினாள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எது எங்கே இருக்கிறது, எது எதைப் பிடித்து நிற்கிறது, எது படுத்தால் எதை முதலில் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னான். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டது அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அவள், "இந்த வரி தப்புலா அண்ணாச்சி?" என்று அவன் எழுதியதிலேயே ஒன்றைக் காட்டினாள்.

"அது தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"தப்புதான். மாத்திரு," என்றான்.

*

தடைக்காலம் முடியப்போகிறது. கல்லூரியிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். கனி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அதுதான் அவனுக்கு உறுத்தியது.

ஜெசிந்தா மறுபடி யூசரை முடக்கினார். பலவேசம் ஊருக்குப் போனான்.

போன் அடிக்கவில்லை.

காலையில் அடிக்கவில்லை. சின்னவள் கேரம் பலகையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். விளையாடினான். கண் பலகையில் இல்லை. அவனுடைய காய்கள் பலகையிலேயே கிடக்க, அவளுடையது ஒவ்வொன்றாகக் குழியில் விழுந்தது.

"ஏன்பா, வேணும்னே தோக்கியா?" என்றாள் அவள்.

"கனி, என் நம்பருக்கு ஒரு கால் பண்ணு," என்றான்.

அவள் பண்ணினாள். போன் நன்றாகவே அடித்தது.

"போனுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் கனி. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களுக்குத்தான் என்னமோ."

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடிக்கணினியைத் திறந்தான். முடக்கியது சரியாக முடக்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். தன் பெயரில் சர்வரின் கதவைத் தட்டினான். அனுமதி இல்லை என்றது. நல்லது என்று மூடி வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை திறந்தான். வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதுதானே வழக்கம்.

சாயங்காலம் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். தெரியாத ஆள். கேஸ் சிலிண்டர் நாளைக்கு வருமாம்.

*

திங்கட்கிழமை நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் ரெஜினாளிடம்தான் போனான்.

"ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

"இருந்துச்சு அண்ணாச்சி. நாம அலைக் கணக்கு எடுக்குத தளம் ஞாயித்துக்கிழமை காலையிலயே படுத்துட்டு. வேற இடத்துல இருந்து எடுக்குத மாதிரி மாத்தி வச்சேன். செய்தி கொஞ்சம் பிந்திப் போச்சு. வேற ஒண்ணுமில்ல."

"என்னையக் கூப்பிட்டிருக்கலாமே."

"எதுக்கு அண்ணாச்சி?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். குத்திக் கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தொலைத்திருக்கலாம்.

எதுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஜெசிந்தாவின் அறைக்குப் போனான். அவர் திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் தேடலைலா மேடம்," என்றான். "அப்பம் நான் கெளம்பலாம்."

"ரெஜினா தேடல."

"படகுக்காரங்க?"

"அவங்களும் தேடல."

"பின்ன?"

ஜெசிந்தா திரையை அவன் பக்கம் திருப்பினார்.

யார் வந்து தட்டினாலும் சர்வர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். எந்த நேரம், என்ன பெயர், எங்கிருந்து, உள்ளே விட்டதா இல்லையா. யூசரை முடக்கினாலும் இது நிற்காது. பலவேசத்துக்கு இது தெரியாததா? ரெஜினாளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

வரிகள் இறங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றிலும் பெயர் பலவேசம். எல்லாவற்றின் முடிவும் 'அனுமதி இல்லை'. எங்கிருந்து என்ற இடத்தில் ஒரே எண், சங்கரன்கோவில் வீட்டு இணைப்பின் எண். சாப்பிடும் முன்பு ஒன்று. சாப்பிட்டதும் ஒன்று. சின்னவளோடு கேரம் ஆடிய நேரத்திலும் ஒன்று இருந்தது. அதை எப்போது தட்டினோம் என்று அவனுக்கு ஞாபகமே இல்லை. இரண்டு தடவை என்றுதான் நினைத்திருந்தான்.

"யாரோ ஒருத்தரு நாள் முழுக்க உங்களத் தேடியிருக்காரு அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா. "யாருன்னு தெரியுதா?"

பூட்டு சரியாக இருக்கிறதா பார்க்கத்தான் என்று சொல்ல பலவேசம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"தெரியுது மேடம்."

"மறுபடி வந்து தட்டுனா?"

"உள்ள விட்டுராதீங்க," என்றான் பலவேசம்.