களஞ்சிய முரசு

“தாயே, நான் களைத்துப்போனேன்” என்றார் சேந்தர்.

அரசனின் நெல் களஞ்சியத்துக்கு அவர்தான் அதிகாரி. நாட்டில் அரிசி விலை எகிறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பிலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது.

அவர் குருவாக ஏற்றிருந்த பூதி அம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆற்றங்கரை மண்டபத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“முன்பெல்லாம் விலை ஏறினால் முரசு அறையச் சொல்வேன். களஞ்சியம் திறக்கப்போகிறது என்று ஊருக்குத் தெரியும். பதுக்கி வைத்தவன் பயந்துபோய் மூட்டையை வெளியே எடுப்பான். விலை இறங்கிவிடும்.”

“இப்போது?”

“அதே முரசு. அதே நெல். ஆனால் அறைந்த அன்றே விலை ஏறுகிறது. இன்னும் பலமாக அறையச் சொன்னேன். இன்னும் ஏறுகிறது. கூலிக்காரர் வீடுகளில் கஞ்சிக்கும் வழியில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கே பிசகினேன் தாயே?”

அம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்கே அரிசி தீர்ந்துவிட்டது. சந்தைக்குப் போய் ஒரு படி வாங்கி வாரும். அதிகாரி என்று தெரியாதபடி போம்.”

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. சேந்தருக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று காலையில்தான் முரசு அறைந்திருந்தார்கள். அரிசிக் கடை முன்னால் கூட்டம் நெரிந்தது. அவருக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், முழு மூட்டை ஒன்று கேட்டாள்.

“அவ்வளவு எதுக்கும்மா?” என்றார் சேந்தர்.

“முரசு கேக்கலையா ஐயா? அந்த அதிகாரிக்குப் பயம் வந்தாத்தான் முரசு அடிப்பாரு. அவரே பயந்துட்டா நாம சும்மா இருக்க முடியுமா? தோட்டைக் கழட்டிக் குடுத்துட்டேன். நீங்களும் இன்னிக்கே வாங்கிப் போட்டுடுங்க.”

பின்னாலிருந்து தள்ளினார்கள். “சீக்கிரம் சொல்லுங்க, தீரப்போகுது” என்று கத்தினார் கடைக்காரர்.

வெயில் சாயும்போது சேந்தர் மண்டபத்துக்குத் திரும்பினார். கூடவே ஒரு கூலியாள், தலையில் மூட்டையோடு.

அம்மை மூட்டையைப் பார்த்தாள்.

“ஒரு படிதானே கேட்டேன்?”

சேந்தர் தலைத்துண்டை அவிழ்த்தார்.

“களஞ்சியம் காலியா?”

“இல்லை தாயே. நிறைந்து கிடக்கிறது. நேற்றுகூட என் கையால்தான் பூட்டினேன்.”

சொல்லி முடித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை முரசுக்காரர் வந்து நின்றார்.

“இன்னிக்கும் அறையட்டுமா ஐயா?”

“வேண்டாம். களஞ்சியக் கதவுகளைத் திறந்து வையுங்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நெல்லைத் தொட்டுப் பார்க்கட்டும்.”

“எத்தனை நாளைக்கு ஐயா?”

சேந்தர் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

“முரசுக்குப் பழகியதுபோல் இதற்கும் அவர்கள் பழகிப்போகும்வரை.”