நாட்டின் முடிவை எதிர்த்தவள்

செங்கழனி நாட்டு ராஜா வல்லபராயருக்கு மூக்கு நுனியில் கோபம். நல்ல மனுஷர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூக்கு கொஞ்சம் நீளம்.

அவருடைய பிறந்தநாளுக்குப் பக்கத்து மேலைக்காட்டு ராஜா ஒரு பூசணிக்காய் அனுப்பினார். தன் தோட்டத்தில் காய்த்த முதல் காய் என்று பாவம், ஆசை ஆசையாய் அனுப்பியிருந்தார். நம்மவர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"வாசலில் கட்டித் தொங்கவிடுகிற காயை எனக்கா அனுப்புகிறான்? என்னைப் பார்த்தால் திருஷ்டிப் பொம்மை மாதிரி இருக்கிறதா? அவன் ஊர்த் தண்ணீர் இனிமேல் என் மண்ணில் படக்கூடாது. வாய்க்காலை அடையுங்கள்!"

வாய்க்கால் மேலைக்காட்டிலிருந்து நம் ஊருக்கு வருகிறது. அதை அடைத்தால் காய்வது யார் வயல்? சபையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! பிரதானி அரங்கநாயகம் முதலில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். வாய்க்கால் அன்றைக்கே அடைபட்டது.

வாயைத் திறந்தவள் செம்பாயி ஒருத்திதான். அவளுக்கு இருந்தது ஒரு காணி நிலம், அதிலும் கதிர் அப்போதுதான் பால் பிடிக்கிற நேரம். நடுச் சந்தையில் நின்று கேட்டுவிட்டாள்: "ஒரு பூசணிக்காய்க்குக் கோவிச்சுக்கிட்டு ஊர் நெல்லையெல்லாம் காயப்போடுறது என்னய்யா புத்தி?"

சாயங்காலத்துக்குள் சேவகர்கள் அவளைப் பிடித்துவிட்டார்கள். நாட்டுக்குப் பகையானவர்களுக்கு என்ன தண்டனை தெரியுமா? நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். குற்ற ஓலையைச் சபையில் உரக்கப் படித்த பிறகுதான் தண்டனை. படிக்கிறவர் வைகுந்தன் என்கிற குறும்புக்காரர்.

மறுநாள் காலையில் பிரதானி ஓலை எழுத உட்கார்ந்தபோது வைகுந்தன் பக்கத்தில் போய்ப் பவ்யமாக நின்றார்.

"பிரதானி அவர்களே, வளவளவென்று வேண்டாம். ராஜாவுக்குப் பொறுமை கிடையாது. 'நாட்டின் முடிவை எதிர்த்தாள்', அவ்வளவு போதும். அப்படியே உங்கள் விசுவாசத்தையும் ஒரு வரி சேருங்கள். ராஜா காதில் விழட்டும்."

பிரதானிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் கையாலேயே எழுதினார். அதன் கீழே சபையோர் பதினாறு பேரும் முண்டியடித்துக்கொண்டு கையொப்பம் போட்டார்கள்.

சபை கூடியது. செம்பாயி கைகட்டி நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

வைகுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "செம்பாயி என்பவள் நாட்டின் முடிவை எதிர்த்தாள். பிரதானி அரங்கநாயகமும் சபையோர் பதினாறு பேரும் நாட்டின் முடிவை மனமார வரவேற்கிறோம்."

படித்துவிட்டு ஓலையைச் சுருட்டினார். "மகாராஜா, பதினேழு பேரையும் எல்லையில் கொண்டுபோய் விடுவதற்கு நாலு வண்டி வேண்டும்."

"பதினேழு பேரா? குற்றவாளி ஒருத்திதானே ஐயா?"

"நாடு முடிந்துபோகக் கூடாது என்று இவள் எதிர்த்திருக்கிறாள். அதில் என்ன குற்றம்? நாட்டின் முடிவை மனமார வரவேற்கிறோம் என்று இவர்களல்லவா கையொப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!"

பிரதானி பதறி எழுந்தார். "ஐயையோ, அந்த முடிவு இல்லை மகாராஜா, முடிவு! அதாவது... முடிவு என்றால் முடிவு இல்லை, முடிவு!"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"வேடிக்கை போதும் வைகுந்தா. ஓலையில் சொல் இடறினால் அவள் சந்தையில் பேசியது இல்லையென்று ஆகிவிடுமா? ஏனம்மா, இந்த நாட்டின் மேல் உனக்கு என்ன பகை?"

செம்பாயி நிமிர்ந்தாள். "பகையா சாமி? பகை இருந்தா நான் ஏன் சந்தையில நின்னு தொண்டை கிழியக் கத்துறேன்? மாட்டை அவுத்து ஓட்டிக்கிட்டு மேலைக்காட்டுக்குப் போயிருக்க மாட்டேனா? அங்கதான் தண்ணி கெடக்கே, நம்ம பங்கையும் சேர்த்து! எனக்கு இந்த மண்ணை விட்டுட்டுப் போக மனசு வரலியே. அதான் கத்தினேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, தோற்றுப்போனதைக் காட்டிக்கொள்ளாத குரலில் கேட்டார்:

"சரி வைகுந்தா. நான் எடுத்த முடிவு ஒன்று. நீ சொல்கிற முடிவு ஒன்று. இரண்டும் ஒன்றாகிவிடுமா? இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்?"

வைகுந்தன் செம்பாயி பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தண்ணி இல்லாமல் கதிர் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"எட்டு நாள் தாங்குங்கண்ணே. அதுக்கு மேல வைக்கோல்தான்."

வைகுந்தன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எட்டு நாள் தூரம், மகாராஜா."

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "வாய்க்காலைத் திறங்கள்! மண்வெட்டி எங்கே? ஒன்றல்ல, பதினேழு மண்வெட்டி கொண்டுவாருங்கள். முதல் மண்வெட்டி பிரதானிக்கு!"

வைகுந்தனுக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். செம்பாயிக்கும் ஏதாவது கொடுக்கலாமென்று திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தண்ணீர் வருவதற்குள் மடையைத் திறந்து வைக்க வேண்டுமென்று அவள் எப்போதோ வயலுக்கு ஓடிவிட்டிருந்தாள்.