வளையாத விரல்

ஒரு காட்டில், குழந்தைகளே, என்றுதான் இந்தக் கதையையும் தொடங்க வேண்டும். ஆனால் அது முழுக் காடு இல்லை. முன்பு மலை முழுவதையும் போர்த்தியிருந்த காட்டில் மிஞ்சிப்போன ஒரு துண்டு. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். நடுவில் அந்தச் சோலை மட்டும், நின்றுகொண்டே தூங்கிவிட்டதைப் போல, பனியில் நனைந்தபடி நின்றது.

அங்கே ஒரு சோலைமந்திக் குடி வாழ்ந்தது. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். குடியின் தலைவன் குங்கிலியன்.

குங்கிலியனுக்குத் தன் குடியைப் பற்றி ஓயாத பெருமை. "நாம் மண் தொடாத குடி. கிளையில் பிறந்து, கிளையில் உண்டு, கிளையில் உறங்குகிறோம். நம்மைப்போல் இன்னொருவர் உண்டா?" என்பான்.

இன்னொரு பெருமையும் இருந்தது. அவனுடைய இடக்கைச் சுண்டுவிரல் வளையாது. அவன் தந்தைக்கும் அப்படித்தான். குட்டி பிறந்ததும் தலைவன் அதன் இடக்கையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் குடியின் வழக்கம். சுண்டுவிரல் விறைத்து நின்றால், "முத்திரை இருக்கிறது. இது நம் இரத்தம்" என்று அறிவிப்பான். எல்லோரும் மகிழ்ந்து கிளைகளைக் குலுக்குவார்கள்.

அவன் மகள் பூவந்திக்கு இரண்டு விரல்கள் வளையவில்லை. "இரட்டை முத்திரை" என்று கொண்டாடினான். பூவந்தியின் முதல் குட்டிக்கோ நான்கு விரல்கள் வளையவில்லை. அன்று சோலையே அதிர்ந்தது.

அடுத்த மழைக்காற்றில், தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் குட்டி நழுவி விழுந்தது. பிடித்துக்கொள்ள அதற்கு வளையும் விரல் இல்லை.

அது ஒன்று மட்டுமா? அந்த ஆண்டு பிறந்த எந்தக் குட்டியும் நிலைக்கவில்லை. மற்றவர்கள் காற்றைத் திட்டினார்கள். பூவந்தி யாரையும் திட்டவில்லை. தன் இரண்டு விறைத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சோலைக்கும் தூரத்துப் பெருங்காட்டுக்கும் இடையே பறந்து திரியும் இருவாட்சி ஒன்று இருந்தது. வாயாடிப் பறவை. ஒரு நாள் அது அத்திப்பழம் தின்றுவிட்டுக் கிளம்பியபோது, குங்கிலியன் கேட்டான்:

"விதையை இங்கேயே துப்பினால் என்ன? அவ்வளவு தூரம் சுமந்து போகிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா?"

"எனக்கு வேலை இருக்கிறது. உனக்குத்தான் இல்லை. தாய்மரத்தின் காலடியில் விழுந்த கன்றுகளைப் பார். எல்லாம் ஒரே சோகை. ஒன்றுக்குப் பூச்சி பிடித்தால் எல்லாவற்றுக்கும் பிடிக்கிறது. அதோ, அந்த மூலையில் நிற்கும் மரம் நான் அடுத்த மலையிலிருந்து கொண்டு வந்து போட்டது. எப்படி நிற்கிறது பார், மாப்பிள்ளை மாதிரி."

"நாங்கள் மரம் இல்லை."

"அதுவும் சரிதான். மரமாக இருந்தால் நானே தூக்கிப் போயிருப்பேன்," என்று சிரித்துவிட்டு இருவாட்சி பறந்துபோயிற்று.

சில நாட்களாகச் சோலை விளிம்பில் ஓர் இளம் ஆண் மந்தி வந்து நிற்பான். தனியனாகப் பெருங்காட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே நடந்து வந்தவன். குங்கிலியன் அவனுக்கு மண்காலன் என்று பெயர் வைத்தான்.

"ஐயா, ஓர் ஓரத்துக் கிளை கொடுத்தால் போதும்," என்பான் மண்காலன்.

"உன் காலைப் பார். மண் தொட்டவனுக்கு இங்கே கிளை இல்லை." குங்கிலியன் காய்ந்த குச்சிகளை ஒடித்து எறிவான். மண்காலன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, தோட்டத்தின் நடுவில் தனியாக நிற்கும் பலாமரத்துக்குத் திரும்பிப் போவான்.

அவன் போன பிறகு குங்கிலியனுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தும். நான் இவர்களைக் காக்கிறேனா, அடைத்து வைத்திருக்கிறேனா? அவன் உள்ளே வந்தால் ஒரு நாள் என் உச்சிக்கிளையில் உட்காருவான் என்று பயப்படுகிறேனோ? வாலைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான்.

ஒரு காலையில் மூடுபனி இறங்கியது. பள்ளத்தாக்கிலிருந்து மெல்ல ஏறி, தேயிலைச் செடிகளை மூடி, மரங்களின் இடுப்புவரை வந்து நின்றது. தோட்டம் இல்லை. பாதை இல்லை. எங்கும் பால்போன்ற வெண்மை. தூரத்தில் பலாமரத்தின் தலை மட்டும் மிதந்தது. பழுத்த பலாவின் மணம் பனியோடு சேர்ந்து வந்தது.

பூவந்தி தகப்பன் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, மண் எங்கே இருக்கிறது?"

"கீழே."

"பார்த்துச் சொல்லுங்கள்."

குங்கிலியன் குனிந்து பார்த்தான். "மேகம்தான் தெரிகிறது."

"மேகத்தில் நடக்கக் கூடாது என்று நம் மூத்தவர்கள் யாராவது சொன்னார்களா?"

அவன் யோசித்தான். "இல்லை. மேகத்தைப் பற்றி யாரும் சொன்னதாக நினைவில்லை."

"பலா பழுத்திருக்கிறது. மேகத்தின் வழியாகப் போய் வந்துவிடலாமே."

குங்கிலியன் மகளின் முகத்தைப் பார்த்தான். இது தந்திரம் என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் நழுவிப்போன குட்டியும் தெரிந்தது. ஏமாறுவதென்று அவனாகவே முடிவு செய்தான்.

"வழியில் யாரும் கீழே பார்க்காதீர்கள்," என்று சொல்லிவிட்டு முதலில் இறங்கினான்.

குடி முழுவதும் அவன் பின்னால் இறங்கியது. வெண்மைக்குள் அவர்கள் நடந்தார்கள். முன்னால் போகிறவரின் வால்குஞ்சம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் கரைந்தது. காலடியில் ஏதோ குளிர்ச்சியாக, மெத்தென்று அழுந்தியது. குங்கிலியன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. இப்படி நடப்பதை எப்போதோ கனவில் கண்டிருப்பதாக மட்டும் தோன்றியது. கனவிலும் கால் இப்படித்தான் குளிர்ந்தது.

பலாமரத்தில் ஏறினார்கள். உச்சியில் மண்காலன் உட்கார்ந்திருந்தான். ஒரு பழத்தைப் பிளந்து முதல் சுளையைத் தலைவனிடம் நீட்டினான். பசியில் எல்லோரும் தின்றார்கள்.

"மேகம் வழுக்குகிறதா, ஐயா?" என்று மெதுவாகக் கேட்டான் மண்காலன்.

"வாயை மூடிக்கொண்டு சுளையைத் தின்," என்றான் குங்கிலியன்.

அப்போது வெயில் வந்தது. பனி கலைந்தது. செடிகள் தெரிந்தன. செடிகளுக்கு நடுவே சிவந்த மண் தெரிந்தது. அந்த மண்ணில் சோலையிலிருந்து பலாமரம்வரை வரிசையாகக் காலடித் தடங்கள் தெரிந்தன. மரத்தின் அடியெல்லாம் செம்மண் கறை.

ஒவ்வொருவரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். பிறகு தலைவனின் கால்களைப் பார்த்தார்கள். பிறகு மண்காலனின் கால்களைப் பார்த்தார்கள். எதிலும் வித்தியாசம் இல்லை.

"இப்போது என்ன செய்வது?" என்றாள் ஒரு கிழமந்தி.

குங்கிலியன் தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். மண்ணை விரலால் சுரண்டி முகர்ந்தான். மழையில் நனைந்த மரப்பட்டையின் வாசனைதான் அதற்கும். இதற்காகவா இத்தனை குச்சிகளை ஒடித்தேன் என்று நினைத்தான்.

"எங்கள் சோலைக்கு வழி தெரியுமா?" என்று மண்காலனிடம் கேட்டான்.

"தினமும் வந்து குச்சியடி வாங்கியவனுக்கு வழி தெரியாதா, ஐயா?"

"அப்படியானால் நீ முன்னால் நட. நாங்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள்."

பட்டப்பகலில், மண்ணில் கால் பதிய, எல்லோரும் சோலைக்குத் திரும்பினார்கள். மண்காலனுக்குக் கிளை கிடைத்தது. நாளடைவில் பூவந்தியும் அவனும் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

மறு ஆண்டு, மழைக்காற்று தொடங்கும் சமயத்தில் பூவந்திக்குக் குட்டி பிறந்தது. வழக்கப்படி குங்கிலியன் வந்தான். மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவன் குட்டியின் இடக்கையைப் பிரித்து, சுண்டுவிரலைத் தேடினான்.

தேடிய விரலைக் குட்டி பிடித்துக்கொண்டது. சின்னஞ்சிறு விரல்கள் அத்தனையும் வளைந்து, அவனுடைய வளையாத விரலை இறுக்கின. காற்று கிளையைத் தூக்கி அடித்தது. பிடி தளரவில்லை.

"முத்திரை இல்லையே, அப்பா," என்றாள் பூவந்தி. "நம் குடியில் சேர்க்கலாமா?"

குங்கிலியனின் விரல் வலித்தது. உருவிக்கொள்ள மனம் வராமல், காற்று அடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நீதி: தன்னைப் போன்றவரை மட்டுமே சேர்க்கும் குடி உள்ளுக்குள்ளேயே தேயும், அயலாருக்கு வழிவிடும் குடியே தழைக்கும்.