ஒருத்தரும் விட்டுப்போகாத லென்ஸ்

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தெய்வநாயகம் புகைப்படம் கற்கப் போனார். கற்றுக் கொடுத்தவள் விண்ணரசி. கல்யாணமும் கருமாதியும் எடுத்துப் பிழைக்கிற ஸ்டுடியோக்காரி. அவர் வயதில் பாதிதான் இருக்கும். அவளை அவர் குருவம்மா என்று கூப்பிட்டார். கடைத்தெரு முதலில் சிரித்தது. பிறகு பழகிக்கொண்டது.

ஒரு முற்பகல் அவர் படியேறி வந்த வேகத்தில் செருப்பைக் கழற்ற மறந்தார்.

“கொள்ளைக்காரப் பயலுக,” என்றார்.

“யாரு அண்ணாச்சி?”

“லென்ஸ் செஞ்சு விக்கிறவனுக.”

கழுத்திலிருந்த கேமராவை மேசையில் வைத்தார். போட்டார் என்று சொல்வதே சரி. அது சின்ன சென்சார் கேமரா; உள்ளே படம் பதிகிற தகடு சிறியது. அதில் மாட்டியிருந்த லென்ஸ் பெரிய சென்சாருக்கென்று செய்தது. புதிது.

“டப்பாவுல அம்பது எம்.எம்.னு போட்டிருக்கான். என் கேமராவுல மாட்டினா எண்பது மாதிரி நடந்துக்குது. சுத்தி வர ஓரமெல்லாம் போச்சு. முழுத் தோசைக்கு வாங்கிக்கிட்டு நடுவுல ஒரு விள்ளல் பிச்சுக் குடுக்கான். கேக்க ஆளில்லையா இந்த நாட்டுல?”

“ஓரத்துல யாரு இருந்தா?” என்று கேட்டாள் விண்ணரசி.

அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு ஊரைக் கழுவிக் கொடுத்த துப்புரவுப் பணியாளர்களுக்கு நகராட்சி எடுத்த பாராட்டு விழா. பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘தூய்மைக் காவலர்களுக்கு நன்றி’ என்று ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் விழுந்திருந்தது. அதன் கீழே தலைவர். அவருக்கு இருபுறமும் உறுப்பினர்கள். எல்லார் தோளிலும் பொன்னாடை. தூய்மைக் காவலர் ஒருவரும் இல்லை. வலது ஓரத்தில் மட்டும் பச்சை ரவிக்கை போட்ட ஒரு முழங்கை.

“ரெண்டு பக்கமும் ஓரமா நில்லுங்க, எல்லாரும் விழுவீங்கன்னு நான்தான் சொன்னேன் குருவம்மா. நின்னாங்க. நேத்து படத்தைக் கொண்டுபோய்க் குடுத்தேன். அவங்கள்ல மாடத்திதான் கையை முந்தானையில துடைச்சிட்டு வாங்கினா. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் பார்த்தா. பிறகு என்ன செஞ்சா தெரியுமா? படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தா.”

விண்ணரசி படத்தைத் திருப்பினாள். வெள்ளைத்தாள்.

“‘நாங்க வேற படத்துல இருக்கமா சார்’னு கேட்டா. எனக்கு ரத்தம் கொதிக்குது. ஊர்ச் சகதியை அள்ளினவளை ஒரு கண்ணாடித் துண்டு தள்ளி விட்டிருக்கு!”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நாளைக்கு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொல்லுங்க குருவம்மா. ஒருத்தரும் விட்டுப்போகாத லென்ஸ் எது? என்ன விலைன்னாலும் வாங்கிருதேன்.”

விண்ணரசி விளக்கை அணைத்தாள். ஜன்னல்களைச் சாத்தி, வாசல் கதவை மட்டும் திறந்து வைத்தாள். வெளியே வெயில் கொளுத்திக் கிடந்தது. அவர் கேமராவிலிருந்து லென்ஸைத் திருகி எடுத்துத் தெருவைப் பார்த்துப் பிடித்தாள். அதன் பின்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினாள்.

தாளில் தெரு வந்து இறங்கியது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வட்டம். அதில் டீக்கடை, தூக்கி ஆற்றப்படும் டீ, பூக்காரி, நிழலில் படுத்த நாய், பஸ்ஸுக்கு நின்றவர்கள். எல்லாரும் தலைகீழாக, நிறம் மங்காமல்.

தெய்வநாயகம் கோபத்தை மறந்து குனிந்தார். “ஏயப்பா!”

விண்ணரசி ஒரு கறுப்பு அட்டையில் தபால்தலை அளவுக்கு ஓட்டை வெட்டி, வட்டத்தின் நடுவே வைத்தாள். ஓட்டைக்குள் டீக்கடைக்காரர் மட்டும் மிஞ்சினார்.

“இதுதான் உங்க கேமரா. மத்தவங்க எங்க?”

“அட்டையில விழுதாங்க. மங்கலாத் தெரியுது.”

“அப்ப லென்ஸ் அவங்களைக் கொண்டு வரலையா?”

“கொண்டு வந்திருக்கு.” அவர் நிமிர்ந்தார். கோபம் திரும்பி வந்திருந்தது. “அப்ப இந்தக் கேமராதான் களவாணி! வாசல் வரைக்கும் வந்தவங்களை உள்ள விடலை பாருங்க. இந்தச் சவத்தைத் தூக்கி ஆத்துல போடுதேன்.”

“போடுங்க. பாவம், ஆறு எத்தனையைத்தான் தாங்கும்?”

விண்ணரசி லென்ஸை மறுபடி மாட்டி, கேமராவை அவர் கையில் கொடுத்தாள்.

“போடுறதுக்கு முன்னால, கண்ணை வச்சுத் தெருவைப் பாருங்க. பூக்கார அக்கா தெரியுதாளா?”

“இல்லை.”

“நாய்?”

“வால் மட்டும்.”

“படம் இன்னும் எடுக்கலையே. எப்படிச் சொல்லுதீங்க?”

“எடுக்கணுமாக்கும்? லென்ஸ் வழியாத்தான பாக்கேன். எது விழுமோ அதுதான் இதுல தெரியும். முதல் நாளே நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க...”

சொல்லி முடித்த பிறகும் அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தெருவில் பஸ் வந்து போனது.

“விழா அன்னைக்கும் உங்க கண்ணு இதுலதான இருந்துச்சு?”

“தலைவர் அவசரப்பட்டாரு.” கேமராவுக்குப் பின்னாலிருந்தே பேசினார். “கார் வெளியில நின்னுது. ‘எடும் வே, எடும் வே’ன்னு ஒருத்தர் முதுகுல தட்டுதாரு.”

“பின்னால தள்ளிப் போயிருக்கலாமே.”

“பின்னால சோபா. பெரிய மனுசங்க உக்காந்திருந்தாங்க. எந்திரிங்கன்னா சொல்ல முடியும்?”

“சோபாவுக்குப் பின்னால?”

“மைதானம்.”

விண்ணரசி படத்தை எடுத்தாள். அவள் குரல் உயரவில்லை. விரலை வலது ஓரத்தில் வைத்தாள்.

“இந்த முழங்கை யாரோடது அண்ணாச்சி?”

“மாடத்தியோடது. அன்னைக்குன்னு பச்சையில புது ரவிக்கை தச்சுப் போட்டுட்டு வந்திருந்தா.”

அவர் கேமராவை இறக்கினார். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார். வெகுநேரம் லென்ஸின் மூடியை எடுப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“இன்னைக்குப் போனா அவ கேப்பா குருவம்மா. லென்ஸ் பத்தலைன்னு சொல்லிரட்டுமா?”

“சொல்லுங்க. மாடத்தி அக்கா நம்பிருவா. அன்னைக்கும் நீங்க சொன்னதை நம்பித்தான ஓரத்துல போய் நின்னா.”