மண் படாத கால்

தேக்கங்காட்டு விலங்குகள் கூடைப்பந்து ஆடின. விளாங்காய்தான் பந்து. கிளையில் தொங்கும் கொடிக்கூடையில் அதைப் போட வேண்டும். மூன்று ஆண்டுகளாகத் தேக்கங்காட்டு அணிக்கே வெற்றி. அதன் தலைவர் கடமான்.

களத்தில் ஐந்து விலங்குகள் ஆடும். கீரி, முள்ளம்பன்றி, இரண்டு முயல்கள் ஆகிய நான்கும் ஓரத்து மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும். அவை மாற்று ஆட்டக்காரர்கள். போட்டி நாளில் அவற்றுக்கு வேலை இல்லை. மற்ற நாளெல்லாம் வேலைதான். எதிரணி ஆடுவதுபோல ஆற்றுமணலில் ஆடிக் காட்டி, அந்த ஐவருக்கும் பயிற்சி தர வேண்டும்.

"கீரி! இன்றைக்கு நீ ஓநாய்!" என்று கடமான் கத்தும். கீரி ஓநாயைப் போலப் பாயும்.

"இன்றைக்கு நீ நரி!" கீரி நரியைப் போல நழுவும். மூன்று ஆண்டுகளில் அது கீரியாக ஒருநாளும் ஆடியதில்லை.

இறுதிப் போட்டியில் வென்றவர்களின் பெயரை மரங்கொத்தி ஆலமரத்தில் கொத்தி வைக்கும். ஆனால் காலில் களத்துச் செம்மண் ஒட்டியிருக்க வேண்டும். அது விதி. கீரிக்கு இது கடைசி ஆண்டு.

போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. எதிரணியின் பெரிய ஆட்டக்காரர் நீர்நாய்.

"நம் பெயரும் மரத்தில் ஏறும்வரை பயிற்சிக்குப் போக வேண்டாம்" என்றது முள்ளம்பன்றி. "உட்காரச் சொன்னார்கள் அல்லவா? உட்காருவோம்!"

நான்கும் உட்கார்ந்தன. கடமான் திட்டியது. மறுநாள் கெஞ்சியது. ஐவரும் வெறும் மணலில் ஓடி ஓடிக் களைத்தார்கள்.

"இன்னும் ஒருநாள் பொறுப்போம். கடமான் இறங்கி வந்துவிடுவார்" என்றது முள்ளம்பன்றி.

அன்று மாலை கடமான் கீரியைப் புதருக்குப் பின்னால் அழைத்தது.

"தம்பி, அந்த மூன்று பேரும் எதற்கு? நீ ஒருவன் நீர்நாயாக ஆடிக் காட்டு, போதும். கடைசி நிமிடத்தில் உன்னைக் களத்தில் இறக்குகிறேன். உன் காலில் மண் படும்!"

"நிச்சயமாகவா, அண்ணே?"

"என் கொம்பின்மேல் ஆணை!"

மறுநாள் கீரி மணலில் இறங்கியது. இடப்பக்கம் சாய்ந்து வலப்பக்கம் வீசும் நீர்நாயின் வித்தையைப் பத்து முறை காட்டியது. மற்ற மூன்றும் மரக்கட்டையிலேயே உட்கார்ந்திருந்தன.

இறுதிப் போட்டி வந்தது. நீர்நாய் சாயும்போதெல்லாம் கடமான் வலப்பக்கம் காத்து நின்றது. ஆறு கூடை முன்னிலை! கடைசி நிமிடத்தில் கீரி எழுந்தது.

"அண்ணே!"

"உட்காரடா! ஆட்டத்தைக் கெடுக்காதே!"

ஆட்டம் முடிந்தது. மரங்கொத்தி ஐந்து பெயர்களையும் கொத்தியது. கீரி முன்னால் போய் நின்றது.

"காலைக் காட்டு" என்றது மரங்கொத்தி. "சுத்தமாக இருக்கிறதே! போ, போ!"

"கடமான் அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்தார்!"

"நானா?" என்றது கடமான். "எப்போது? யார் காதில் விழுந்தது?"

கீரி திரும்பிப் பார்த்தது. முயல்கள் தரையைப் பார்த்தன.

"அவர் சொன்னபோது நீங்கள் எங்களைக் கூப்பிடவில்லையே, கீரி அண்ணே" என்றது முள்ளம்பன்றி. அதன் குரலில் கோபம்கூட இல்லை.

கீரி மரக்கட்டைக்குத் திரும்பியது. முள்ளம்பன்றி முட்களை மடக்கிக்கொண்டு இடம் விட்டது. கீரி சொன்னது: "அடுத்த ஆண்டு உன்னைப் புதருக்குப் பின்னால் கூப்பிடுவார். தனியாகப் போகாதே."

கூட நின்றவர்களை விட்டுவிட்டுத் தனக்கு மட்டும் வாங்கிய வாக்குறுதிக்கு, கொடுத்தவன் மறுக்கும் நாளில் ஒரு சாட்சியும் இருக்காது.