ராணி கையில ஒரு மணி

ஒரு ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஒண்டிக்கட்டை. அவளுக்குன்னு இருந்தது ஒரு சர்க்கரவள்ளிக் கொல்லை. ஒருநா காலைல கொடியைப் பெரட்டிப் போட்டுக் கிழங்கு தோண்டிக்கிட்டிருந்தா, ஒரு இலையில என்னமோ மின்னுச்சாம். குனிஞ்சு பாத்தா, மிளகுக்குச் சித்த பெருசா, தகதகன்னு தங்கமாட்டம் ஒண்ணு. விரலால தொட்டா, அசையல. இது என்னன்னு தெரியாம நமக்கு வேலை ஓடாதுன்னு இலையோட கிள்ளிக்கிட்டுக் கிளம்பிட்டா.

எதுக்க மோர்க்காரி வந்தா. அவளைக் கேட்டா, வெயிலு உருகிச் சொட்டுனதா இருக்கும்னாளாம். அப்புறம் வளையக்காரர் வந்தார். அவரைக் கேட்டா, சாயம் பூசின கண்ணாடின்னாராம். அப்புறம் வந்தான் பாரு, அரண்மனை நகைப்பெட்டி காக்குற தீத்தாரப்பன்.

அவன் லேசுப்பட்டவனா? ராணி மாலையிலருந்து ஒரு தங்க மணியை அவனே உருவிட்டான். மணியைக் காணோம்னு அரண்மனையே தேடுது. பழியை யார் தலையில கட்டலாம்னு அலைஞ்சுக்கிட்டிருந்தவன், இலையை ஒரே ஒரு பார்வை பாத்தான். காத்தாயி கையைப் புடிச்சுத் தரதரன்னு ராசாகிட்ட இழுத்துட்டுப் போயி, களவாணி இவதான்னுட்டான்.

கொல்லையில இருந்ததுங்குறா காத்தாயி, யாரு நம்புறா? களவாண்டா கையை வெட்டுறது அந்த ஊரு வழக்கம்.

ராணி அதை வாங்கி உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, பாத்தா பாத்தா, பாத்துக்கிட்டே இருந்தா. தீத்தாரப்பன் பெரிய பணிவுக்காரனாட்டம் தலையைக் குனிஞ்சு தரையைப் பாத்து நிக்குறான்.

ராசா கேட்டார், "இது ராணியோட மணிதானா?"

"தினமும் நான் தொடச்சு வெக்கிற மணி, மகாராசா."

அப்ப ராணி கையில, மணிக்கு அடியிலருந்து மயிரிழையாட்டம் ரெண்டு மீசை வந்துச்சு. இன்னொரு தரம் கேளுங்கன்னு ராணி சாடை காட்டுனா.

"நல்லாத் தெரியுமா?"

"என் கையால கோத்த மணி, மகாராசா."

இப்ப ஆறு காலும் வெளிய வந்து, குறுகுறுன்னு விரல்மேல ஏறுது.

"சத்தியமா?"

"என் தலைமேல சத்தியம், மகாராசா."

மணியோட முதுகு ரெண்டாப் பொளந்துச்சு, ரெக்கை விரிஞ்சுச்சு, விர்ருனு பறந்து போயி அவன் தலைப்பாகைமேலயே உக்காந்துச்சு.

"நிமிந்து நில்லுடா தீத்தாரப்பா," ன்னார் ராசா. "நீ கோத்த மணி உன் தலைமேல உக்காந்திருக்கு."

அவன் பதறிப்போயி தலைப்பாகையை அவுத்து உதறுனான். வண்டு ஒரு பக்கம் பறந்துச்சு, முடிச்சுல ஒளிச்சு வெச்சிருந்த நெசத் தங்க மணி இன்னொரு பக்கம் உருண்டு ஓடுச்சு.

வெட்டுங்கடா இவன் கையைன்னு ராசா எந்திரிச்சார். காத்தாயி குறுக்க போயி, "வேண்டாம் சாமி, கை இருந்தாத்தானே என் கொல்லையைக் கொத்துவான்," னாளாம். அதுவே தீர்ப்பாப் போச்சு.

ராணிக்கு ஆசை அடங்கல. மறுநா கொல்லைக்கே வந்து, காத்தாயி பக்கத்துல உக்காந்து இலை இலையாப் பெரட்டிப் பாத்தா. அங்க அதேமாதிரி இன்னும் எத்தனையோ மேயுது. வெயிலுமில்ல, கண்ணாடியுமில்ல, தங்கமுமில்ல, கொடி தின்னுற வண்டு. செத்துட்டா அந்த மினுமினுப்பும் போயிடும், உசுரோட இருக்குற மட்டுந்தான் மின்னும். ரெண்டு பேரும் பொழுது சாயுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அந்தாண்ட தீத்தாரப்பன் கொத்துனான், கொத்துனான், முதுகொடியக் கொத்துனான்.

கண்ணு பாக்குறதுக்கு முந்தி வாய் சத்தியம் பண்ணக் கூடாது, தெரிஞ்சுதா? கதை காத்தோட போச்சு, நீங்க தூக்கத்தோட போங்க.