மிதிகரைக்குப் பேரு வந்த கதை

காட்டுல ஓடை வத்திப்போச்சு. தண்ணி தேடி முதல்ல கிளம்புனது காரிங்கற எருமை. வயித்துல கன்னு, காலெல்லாம் வீக்கம். மலை தாண்டி ஒரு ஏரியைக் கண்டதும் அப்படியே உக்காந்துட்டா.

பின்னாலயே பொதியங்கற யானை, ஊளையங்கற நரி, பீலியாருங்கற மயிலு, எல்லாம் வந்து சேர்ந்தாங்க. பீலியாரோட மாமனார் ஒருத்தர் இருந்தாரு. தண்ணியில தெரிஞ்ச தன் நிழலைச் சம்பந்தின்னு நினைச்சு, பொழுதுக்கும் விருந்துக்குக் கூப்பிட்டுக்கிட்டே நின்னவரு. சம்பந்தி வரலைங்கற கோவத்துல அப்புறம் குளத்துப் பக்கமே போகல. சரி, அவரு கெடக்கட்டும்.

வந்ததும் வராததுமா ஊருக்குப் பேரு வைக்கற சண்டை.

"நரியூரு"ன்னான் ஊளையன்.

"அந்தப் பேரைக் கேட்டா எந்தக் கோழி குடிவரும்? மயிலூரு, கேக்கவே லட்சணமா இருக்கு"ன்னாரு பீலியார்.

"ரெண்டு பேரும் என் ஒரு காலுக்குக் காண மாட்டீங்க. ஆனையூருதான்!"ன்னான் பொதியன்.

காரி கரையைப் பாத்துக்கிட்டு நின்னா. எப்பவோ யாரோ போட்ட மண்கரை. புட்டு மாதிரி பொலபொலன்னு இருந்துச்சு, தண்ணி வேற கசிஞ்சுது. அடைமழை பெஞ்சா உடைஞ்சிடும். பொறக்கப் போற கன்னைக் கூட்டிக்கிட்டு மறுபடி எங்க அலையறது?

"அண்ணே, கரையைக் கொஞ்சம் மிதிச்சுக் குடுங்களேன்."

"பேரு முடிவாகட்டும் தாயி. அடுத்தவன் ஊருக்கு நான் எதுக்குக் கால் வலிக்க மிதிக்கணும்?"ன்னான் பொதியன்.

காரி நிதானமா அசைபோட்டா. அப்புறம் சொன்னா: "அப்ப கரைமேல எல்லாரும் கால்தடம் பதிங்க. மழை விட்டப்புறம் யாரு தடம் நிக்குதோ, அவங்க பேரு ஊருக்கு."

ஒத்துக்கிட்டாங்க. பொதியன் தொம்தொம்முன்னு மிதிச்சான். அது மேலயே ஊளையன் குதிச்சான். பீலியாருக்குத் தன் காலைப் பாத்தா ஆகாது, அதனால அண்ணாந்துக்கிட்டே மிதிச்சாரு. காரி சேத்துல புரண்டு வந்து கரைமேல உடம்பைத் தேய்ப்பா. தடமெல்லாம் மூடிப்போகும்.

"ஏக்கா, என் தடத்தை அழிச்சிட்டியே!"ன்னு ஊளையன் கத்துவான்.

"கண்ணு தெரியல தம்பி. இன்னொரு தரம் மிதிச்சிடேன்."

மறுபடி மூணு பேரும் மிதிப்பாங்க. மறுநாளும் அதே கூத்து.

மழை வந்துச்சு. கன்னும் அன்னிக்குத்தான் பொறந்துச்சு. ஏரித்தண்ணி ஏறி ஏறிக் கரை விளிம்பைத் தொட்டுச்சு. கன்னை அணைச்சுக்கிட்டு காரி மூச்சடக்கி நின்னா. தொட்ட தண்ணி அப்படியே நின்னுடுச்சு.

மழை விட்டதும் மூணு பேரும் ஓடி வந்தாங்க. கரை பாறையாட்டம் இருந்துச்சு. தடம் ஒண்ணுகூட இல்லை.

"எங்களை வச்சு வேலை வாங்கிட்டியாக்கா?"ன்னான் ஊளையன்.

"தடம் போச்சு, தண்ணி நிக்குது. எது வேணும் உனக்கு?"

பொதியனுக்குத்தான் முதல்ல சிரிப்பு வந்துச்சு. அந்த நேரம் பாத்து ஒரு கொக்கு எறங்கி, "இது எந்த ஊருங்க?"ன்னு கேட்டுச்சு.

ஊளையன் முந்திக்கிட்டான். "மிதிகரை. பாதி நான் மிதிச்சது."

"பாதியா?"ன்னு பீலியார் சண்டைக்கு வந்தாரு. அதுக்குள்ள கன்னுக்குட்டி கரைமேல தத்தித் தத்தி நடந்து போச்சு. ஒரு தடம்கூடப் பதியல.

என் பேரு உன் பேருன்னு அடிச்சுக்காம எல்லாரும் சேர்ந்து கரையைக் கெட்டியாக்கினா, ஊரும் நிலைக்கும், பேரும் தானா வரும்.